நியம அழுத்தத்தின் காவலன்

எடைக்கல் தேய்ந்தால் தராசு பொய்யுரைக்கும். மின்னளவையில் எடைக்கல்லாய் விளங்கியது, 1893 இல் எட்வேட் வெஸ்ரன் அமைத்த நியமக் கலம். அது 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.0186 வோல்ற்று தரும். ஆனால் அதிலிருந்து ஓட்டம் பெற்றால் அழுத்தம் பிறழும்.

இன்று அப்பணியைப் பெரும்பாலும் குறைகடத்திச் சுற்றுகள் ஆற்றுகின்றன. 2.5 வோல்ற்று தரும் ஒன்றின் அகத்தடை 1000 ஓம் எனக் கொள்வோம். 1000 ஓம் சுமையை நேரே தொடுத்தால் எஞ்சுவது 1.25 வோல்ற்றே! ஆகவே இடையில் தாங்கல் விரியலாக்கி ஒன்றை நிறுத்துவர். தன் வெளியீட்டை முழுவதும் மீளவூட்டிக்கொள்ளும் அது, நியமத்தின் அழுத்தத்தை அப்படியே பின்பற்றும். நியமத்திடம் ஏறக்குறைய ஓட்டமே கேளாது. சுமைக்கு வேண்டியதைத் தன் மின்வழங்கியிலிருந்து ஈயும்.

எனினும், விரியலாக்கியின் சொந்தப் பிழை 1 மில்லிவோல்ற்றாயின், வெளியீட்டில் 2500 இல் ஒரு பங்கு வழு நேரும். காவலனும் நேர்மையுடையவனாதல் வேண்டும்.