வல்லநாட்டுத் தண்ணி

தூத்துக்குடியில் பிறந்தவர்கள் ‘தண்ணி’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்று கேட்டுக்கொண்டுதான் குடத்தைத் தூக்குவார்கள். துணி அலச, வாசல் தெளிக்க உப்புத் தண்ணி. குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எங்கள் ஆச்சி குடத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாலே எது என்று சொல்லிவிடுவாள். நான் சிறுவனாகக் குழாயடியில் குடம் பிடிக்கையில் கொஞ்சம் தளும்பினாலும் அதட்டுவாள்: “ஏல, சிந்தாத! குரூஸ் பர்னாந்து தண்ணி இது.”

அப்போது அவரை எனக்குச் சிலையாக மட்டும்தான் தெரியும். அந்தப் பெயருக்கும் எங்கள் குடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்க வெகுகாலம் ஆயிற்று.

குரூஸ் பர்னாந்து 1869 நவம்பர் 15 அன்று பிறந்தவர். அவர் பிறப்பதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்புதான், 1866இல், தூத்துக்குடி நகராட்சி ஆகியிருந்தது. அவர் பிள்ளைப் பருவத்திலேயே ரயில் வந்துவிட்டது. பஞ்சு மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கும். கரையை நெருங்க முடியாத பெரிய கப்பல்கள் மைல்கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, தோணிகள் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்வரும். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் துறைமுகத்தில்தான். 1901 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 28,000 சொச்சம். ரயில் இருந்தது, ஆலை இருந்தது, வெளிநாட்டு வணிகம் இருந்தது. குடிக்கத்தான் தண்ணீர் இல்லை.

மணலும் உப்பளமும் சூழ்ந்த ஊர். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையோடு சரி. ஒரு போகம் மழை பொய்த்தால் மறு கோடையில் கிணறுகளில் உப்பு ஏறிவிடும். முத்துச் சலாபம் நடக்கிற பருவங்களில் இன்னும் மோசம். எட்டு, பத்துப் பாகம் ஆழத்துக்குக் கல்லைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் இறங்கிச் சிப்பி அள்ளுகிறவர்கள், அவர்களை நம்பி வந்த வியாபாரிகள், கூலிக்காரர்கள் என்று கடற்கரை மணலில் ஒரு புது ஊரே முளைத்துவிடும். அத்தனை பேருக்கும் நல்ல தண்ணி வேண்டும். கெட்ட தண்ணீரைக் குடித்துக் காலரா வந்து, சலாபமே பாதியில் கலைந்த கதைகளும் இந்தக் கரைக்கு உண்டு.

1909 டிசம்பர் 21 அன்று குரூஸ் பர்னாந்து முதன்முறையாக நகராட்சித் தலைவரானார். மொத்தம் 5 முறை அந்த நாற்காலியில் இருந்தார். தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது கடம்பூரிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்து ஊருக்குப் பங்கிட்டார். அதோடு நிறுத்தியிருந்தாலும் ஊர் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். ரயில் தண்ணீர் ஒரு கோடையைத் தாண்டவைக்கும், அவ்வளவுதான். அவருடைய கண் தாமிரபரணியில் இருந்தது. வல்லநாட்டில் ஆற்றுநீரை எடுத்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் குழாயில் ஊருக்குக் கொண்டுவர வேண்டும். 1927இல் வந்தது.

இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே இருப்பதைத்தான் நான் அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன். 1909க்கும் 1927க்கும் இடையே 18 ஆண்டுகள். ஓர் உலகப் போரே அதற்குள் தொடங்கி முடிந்துவிட்டது. 40 வயதில் பொறுப்பேற்றவர், குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்க்கையில் 60ஐ நெருங்கியிருந்தார். அவருக்கு ராவ் பகதூர் பட்டம் கிடைத்ததைப் பலரும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட இந்த விடாப்பிடிதான் பெரிது. 1930இல் அவர் மறைந்தார். நல்ல தண்ணி வந்த ஊரில் அவர் வாழ்ந்தது 3 ஆண்டுகள்தான்.

இன்று எம்.ஜி.ஆர். பூங்காவில் அவருக்கு மணிமண்டபம் எழுந்திருக்கிறது. பிறந்த நாளில் சிலைக்கு மாலை விழுகிறது. நகராட்சி 2008இல் மாநகராட்சி ஆனது. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோய், கடலில் இறங்குகிறவர்கள் இப்போது சங்குக்காக இறங்குகிறார்கள். 1974இல் புதுத் துறைமுகம் வந்தபின் பெரிய கப்பல்கள் கரையிலேயே அணைகின்றன. ஊர் பெருக்கப் பெருக்கக் குழாயும் பெருகி, நான்காவது குழாய்த் திட்டம் வரை வந்துவிட்டோம்.

ஆறு மட்டும் அதே ஆறு. ஆலைகளுக்கென்று நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் எடுக்கும் திட்டம் ஸ்ரீவைகுண்டத்தில் ஒருபுறம். கோடையில் வாழை வாடுகிறது என்று நிற்கும் கடைமடை விவசாயி மறுபுறம். மேலே நெல்லையின் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. எங்கள் தெருவில் இப்போது பாதி வீடுகளில் குடிக்கக் கேன் தண்ணிதான். குழாய்த் தண்ணி துவைக்கப் போகிறது. ஆச்சி இருந்திருந்தால் அதைப் பொறுத்திருக்க மாட்டாள். எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு மனிதர் 18 ஆண்டு மன்றாடிக் கொண்டுவந்த நீரை நம் கண்முன்னே அழுக்காக்கிவிட்டு, கேனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

2023 டிசம்பரில் அந்த ஆறே பொங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். குடிக்க ஒரு சொட்டு இல்லை. கடலோரத்து ஆட்கள் வள்ளங்களை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பையன் நீலக் கேனைத் தலைக்குமேல் தூக்கிப்பிடித்தபடி நெஞ்சளவு தண்ணீரில் நடந்து வந்தான். வீட்டுக்கு ஒரு சொம்பு ஊற்றினான். பெயர் கேட்டேன். “பின்னாடி சொல்லுதேன் அண்ணாச்சி, அந்தத் தெருவுல கைப்பிள்ளை இருக்கு” என்று போய்விட்டான்.

வெள்ளம் வடிந்து சில நாள் கழித்துக் குழாய் இருமியது. முதலில் காற்று, பிறகு செந்நிறச் சேறு, பிறகு கலங்கல். பக்கத்து வீட்டு அக்கா குடத்தில் பிடித்து, படிகாரக் கட்டியை நான்கு சுற்றுச் சுற்றி மூடிவைத்தார். விடிந்ததும் அடியில் ஒரு விரற்கடை வண்டல். மேலே தெளிவு. காய்ச்சி ஆற்றி ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தோம். வல்லநாட்டுத் தண்ணிதான்.