பிரேக் போட்டால் 'கீச்'... உங்கள் கார் என்ன சொல்கிறது?

கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் காலையில் காரை எடுப்பவர்களுக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. தெருமுனையில் முதல் பிரேக்கை மிதித்ததும் 'கீச்'. அடுத்த திருப்பத்தில் கொஞ்சம் குறைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொடுவதற்குள் நின்றேவிடுகிறது. 'கடலோர ஊர், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், எல்லா 'கீச்'சுக்கும் உப்புக்காற்றே காரணம் என்று நினைத்துவிட்டால் ஆபத்து.

சத்தம் எப்படி வருகிறது?

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்ததும் அதை இரண்டு பக்கமும் பிரேக் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. பிடி சீராக இல்லையென்றால் பேடும் டிஸ்க்கும் அதிரும். அந்த அதிர்வுதான் 'கீச்'. டிஸ்க் பிரேக் பிறந்தபோதே இந்தத் தொல்லையும் பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-ல் காப்புரிமை பெற்ற டிஸ்க் பிரேக்கில், உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த சத்தம் பெரிய குறையாக இருந்தது.

கவலை வேண்டாத சத்தம்

டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. இரவுப் பனியும் உப்புக்காற்றும் பட்டால் ஒரே இரவில் மெல்லிய துரு படியும். மழையில் நனைந்தாலும், காரைக் கழுவி அப்படியே நிறுத்தினாலும் இதே கதைதான். நாலைந்து முறை பிரேக் போட்டால் துரு உரசிப் போய்விடும். புதிதாக பேடு மாற்றிய சில நாள்களிலும் லேசான சத்தம் வரலாம்.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய சத்தம்

* ஒவ்வொரு முறையும் 'கீச்': பல கார்களின் பேடில் சின்ன இரும்புத் தகடு ஒன்று இருக்கும். பேடு தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடும். 'மாற்றும் நேரம் வந்துவிட்டது' என்பதற்கான எச்சரிக்கை அது. பேடு சுமார் 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

* 'கரகர' சத்தம்: பேடு முழுதும் தேய்ந்து, அதன் இரும்புப் பின்தகடு டிஸ்க்கை அறுக்கிறது. கார் நிற்க அதிக தூரம் எடுக்கும். பேடோடு முடிந்திருக்க வேண்டிய செலவு டிஸ்க் வரை போகும். இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

* பிரேக் போடாதபோதும் உரசல்: டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் சிக்கியிருக்கலாம். கேலிப்பர் பின்கள் கிரீஸ் வற்றி இறுகியிருந்தாலும் இப்படி நேரும். அப்போது ஒரு பக்க பேடு மட்டும் வேகமாகத் தேயும்.

* பின்சக்கரத்தில் சத்தம்: நம்மூர் சிறிய கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். உள்ளே தூசியும் மணலும் சேர்ந்தால் கத்தும். திறந்து சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதைச் செய்யாதீர்கள்

சத்தம் வருகிறதே என்று பேடிலோ டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ், துரு நீக்கும் ஸ்பிரே எதையும் அடிக்காதீர்கள். சத்தம் நிற்கும், அவசரத்துக்கு மிதித்தால் கார் நிற்காது.

ஒரு வாரம், பத்து நாள் ஊருக்குப் போகிறீர்களா? ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போனால், ஈரக்காற்றில் பின் பிரேக் ஒட்டிக்கொள்ளலாம். சமதரையில் காரை நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் போகலாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'பி' நிலை.

எந்தச் சக்கரத்தில் சத்தம் என்று தெரியவில்லையா? கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆளில்லாத தெருவில் ஒரு மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டி பிரேக் போடுங்கள். எதிரொலியில் சத்தம் தெளிவாகக் கேட்கும். பிறகு மெக்கானிக்கிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: எந்தச் சக்கரம், எப்போது வருகிறது, ஓடஓடக் குறைகிறதா இல்லையா. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.