உழைப்பு வேறு, தேகப்பயிற்சி வேறு

"காலை முதல் மாலை வரை தறியில் இருக்கிறோம், கழனியில் இருப்போர் வெயிலில் காய்கின்றனர். இதற்கு மேலும் தேகப்பயிற்சி எதற்கு? நாற்காலியில் அமர்ந்து பணி செய்வோருக்கல்லவோ அது வேண்டும்?" சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லுங்கால் இவ்வினாவை நாம் பல ஊர்களிலும் கேட்கிறோம். வினா நியாயமானதே. அதற்கு விடை கூற வேண்டுமாயின், உழைக்கும்போது உடலில் நிகழ்வது யாது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

குழித்தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரையே எடுத்துக்கொள்வோம். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கின்றது. மற்றொரு கை பலகையைத் தள்ளுகின்றது. கால்கள் மிதியை மாறி மாறி மிதிக்கின்றன. நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இது நிகழ்கின்றது. எனினும் ஒவ்வொரு முறையும் தசை தாங்கும் பாரம் சிறிது. அப்பாரம் ஒருநாளும் கூடுவதுமில்லை. இடுப்பும் முழங்காலும் மடங்கியே கிடக்கின்றன. முதுகோ முன்வளைந்தே இருக்கின்றது. உடலை நிமிர்த்துகின்ற முதுகுத் தசைகளுக்கும், அமர்ந்தவரை எழுப்புகின்ற தொடை, புட்டத் தசைகளுக்கும் போதிய வேலையே இல்லை. ஆகவே ஓயாது அசைந்து களைப்பன சில. வேலையின்றி மெலிவன பல. குழியிலிருந்து எழும்போது இரு கைகளையும் தரையில் ஊன்றியே எழ வேண்டியிருப்பதன் காரணம் இதுவேயாம்.

விவசாய அன்பர்களின் நிலையும் முன்போல் இல்லை. கமலை இறைத்த கைகளுக்கு இன்று மின்மோட்டாரின் பொத்தானை அழுத்தும் வேலையே எஞ்சியிருக்கிறது. உழவைப் பல இடங்களில் டிராக்டர் செய்து விடுகிறது. இதனை நாம் குறையாகக் கூறவில்லை. கமலை இறைத்தவர் எவரும் அது மீண்டும் வர வேண்டும் என விரும்பார். ஆனால் நடவிலும் அறுவடையிலும் சில வாரம் கடுமையாகக் குனிந்துவிட்டு, ஏனைய நாட்களில் தசைக்கு வேலையின்றி இருப்பது முதுகிற்கு நன்மை தருவதன்று.

மனிதனின் தசை முப்பது வயதைக் கடந்தபின் சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் அக்குறைவு விரைவடைகிறது. உறுப்பினரது சிக்கன நிதியில் வரவு வைக்காமல் பற்று மட்டும் எழுதி வந்தால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் நிகழ்கின்றது. வரவு வைக்கும் வழி ஒன்றே: வழக்கமாகத் தாங்குவதைக் காட்டிலும் சிறிது அதிகமான பாரத்தைத் தசைக்குக் கொடுத்து, பின்னர் ஓய்வும் உணவும் அளித்தல். முதுமையிலும் இவ்வழி அடைபடுவதில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் மரியா ஃபியட்டரோன் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி அளித்து, அதன் பயனை 1990இல் வெளியிட்டனர். பயிற்சியை முடித்தவர்களது தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது! தொண்ணூறில் இயலுமெனில் ஐம்பதில் இயலாதோ?

தசையின் பயன் வலிமையோடு நிற்பதன்று. நாம் உண்ணும் சோற்றிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெரும்பங்கு வாங்கிக்கொள்வது தசையே. தசை மெலிந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். வேலை செய்யும் தசையோ இன்சுலின் குறைவாகச் செயற்படும் நிலையிலும் சர்க்கரையை உள்ளிழுக்கும். பாரம் தாங்கும் எலும்பு உறுதிப்படும். மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேயுமாதலின், தார் சுற்றும் தாய்மார்களுக்கு இது மிகவும் வேண்டுவதாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிவுரையின்படி, வாரத்தில் 150 நிமிடமேனும் சற்று மூச்சு வாங்கும் அளவு நடையோ சைக்கிளோ வேண்டும். அதனுடன் இரண்டு நாட்களேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். முதற்பகுதியைப் பலர் அறிவர். இரண்டாவதைத்தான் மறந்துவிடுகின்றனர்.

இதற்கு இரும்புக் குண்டுகள் வாங்க வேண்டியதில்லை. நம் முன்னோர் செய்த தண்டாலும் பஸ்கியும் இதுவேயன்றி வேறன்று. புதிதாகத் தொடங்குவோர் திண்ணையில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமர்க. எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்க. கடைசி இரண்டு முறை கடினமாக இருந்தால் அளவு சரி. பன்னிரண்டும் எளிதாகிவிட்டால், தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுக. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆகவே கணக்கு வைப்பதும் எளிது. தரையில் தண்டால் இயலாதவர் சுவரில் கையூன்றிச் செய்யலாம். தறிக்காரர்களுக்கு நாம் சிறப்பாகக் கூறுவது ஒன்றுண்டு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றி, இடுப்பை மேலே உயர்த்தி மெல்ல இறக்குதல். நாள் முழுதும் மடங்கிக் கிடந்த இடுப்பு அப்போதுதான் நிமிர்கின்றது.

யூரியா மூட்டை 45 கிலோ எடை. அதனைக் குனிந்து முதுகால் தூக்குவோரே பெரும்பாலோர். முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு ஒட்டிப் பிடித்துத் தொடையால் எழுதல் முறை. தொடையில் வலிமை இல்லாதவருக்கு இம்முறை தெரிந்தும் பயனில்லை. அவரது முதுகே மீண்டும் பாரத்தை ஏற்கும்.

இரத்த அழுத்தம், மார்பு வலி, சர்க்கரையால் கண்ணில் கோளாறு ஆகியவை உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குக. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குதல் கூடாது. அழுத்தம் திடீரென ஏறும். உணவில் பருப்பு, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றில் இயன்றதைக் கூட்டுக.

நெய்த துணிக்குத்தான் கூலி; படுத்த நாளுக்கு இல்லை. முதுகு ஒரு மாதம் வலித்தால் குடும்பத்தின் ஒரு மாத வரவு போயிற்று. இதைக் கருதியே சங்கங்களுக்கு ஒன்று கூற விழைகிறோம். தனியாகத் தொடங்குவோரில் பலர் சில வாரங்களில் விட்டுவிடுகின்றனர். பத்துப் பேர் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் விடமாட்டார்கள். சங்கக் கட்டிடத்தின் கூடம் மாலையில் பூட்டியே கிடக்கிறது. வாரம் இரு மாலை, அரை மணி நேரம் அதைத் திறந்துவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. பேரவைத் தீர்மானமும் வேண்டியதில்லை. தலைவர் சாவியைக் கொடுத்தால் போதும்.