மழைப் படத்தில் கீழ்பென்னாத்தூர் எங்கே?

கீழ்பென்னாத்தூரில் மழை கொட்டும். பக்கத்துத் திருவண்ணாமலையில் வெயில் அடிக்கும்! மல்லாட்டை விதைத்தவருக்குத் தன் ஊர் மழைக் கணக்குத்தானே வேண்டும்?

கணக்கு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, 1901-ம் ஆண்டு முதல் நாள்தோறும் பெய்த மழையைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே 129 வரிசை. மேற்கிலிருந்து கிழக்கே 135 பத்தி. மொத்தம் 17,415 கட்டங்கள்! ஒரு கட்டம் சுமார் 27 கிலோ மீட்டர்.

வர்ணப் படம்

இத்தனை எண்களையும் யார் படிப்பது? எண்ணுக்கு ஏற்ற வர்ணத்தைக் கட்டத்தில் பூசித் தருகிறது கம்ப்யூட்டர். அதற்கு உதவும் மென்பொருள்களில் ஒன்று 'மேட்பிளாட்லிப்'. ஜான் ஹண்டர் என்ற அமெரிக்கர், வலிப்பு நோயாளிகளின் மூளை மின் அலைகளைப் படமாகப் பார்ப்பதற்காக உருவாக்கியது. 2003-ல் வெளிவந்தது. காசு கிடையாது.

கோடு போதும்

நம் ஊர்க் கட்டம் பளிச்சென்று தெரிய வேறு வர்ணம் பூசலாமா? கூடாது! வர்ணம்தான் மழையின் அளவு. அதை மாற்றினால் கணக்கே போச்சு! கட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டால் போதும்.

எங்கே போடுவது? கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். அதன் கணக்கில் கீழ்பென்னாத்தூரின் வரிசை எண் 23. பத்தி எண் 51. இந்த எண்கள் கட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கும். ஆகவே கோடு அரைக் கட்டம் முன்னதாக, 22.5-லும் 50.5-லும் தொடங்க வேண்டும். ஒரு பத்தி மேற்கே தவறினால் திருவண்ணாமலை மழை. கிழக்கே தவறினால் செஞ்சி மழை!

இன்னொரு வேடிக்கை. கணக்கு தெற்கிலிருந்து தொடங்குகிறது. மென்பொருளோ முதல் வரிசையை மேலே வைக்கும். 'கீழிருந்து தொடங்கு' என்று சொல்ல மறந்தால், கன்னியாகுமரி மேலே போய்க் காஷ்மீர் கீழே வந்துவிடும்!