மேஜையைத் தள்ளியது யார்?

இறந்துபோன தம் மனிதர் ஒரு வார்த்தை பேசமாட்டாரா என்று ஏங்காத குடும்பம் உலகத்தில் எங்கே இருக்கிறது? ஆவி உலக ஆராய்ச்சிக்கு வலுவைக் கொடுத்தது இந்த ஏக்கந்தான்.

1848-ம் வருஷத்தில் அமெரிக்காவில் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில், பாக்ஸ் குடும்பத்துச் சிறுமிகள் இருவர் தங்கள் வீட்டில் கேட்ட தட்டல் ஓசைகளை ஓர் ஆவியின் பேச்சு என்றார்கள். (அவர்களில் ஒருத்தி 1888-ல், கால்விரல் மூட்டுக்களைச் சொடுக்கியே அந்த ஓசையை எழுப்பியதாக மேடையேறி ஒப்புக்கொண்டாள், மறு வருஷமே அதை மறுத்தும் விட்டாள்!) சில வருஷங்களுக்குள் இங்கிலாந்திலும் ஜனங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அதன்மேல் கைகளை வைத்துக் காத்திருந்தார்கள். மேஜையும் நகர்ந்தது.

எல்லாம் மோசடி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். மின்சார சாஸ்திரத்தில் பெரும் புகழ் பெற்ற மைக்கேல் பாரடே அப்படிச் செய்யவில்லை. 1853-ல் அவர் யோக்கியர்களென்று தாம் நம்பியவர்களையே உட்கார வைத்தார். கைக்கும் மேஜைக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையிடையே இளகிய பசையை வைத்தார். மேஜை தானாக நகர்ந்தால் அடியட்டை முந்தவேண்டும். கை தள்ளினால் மேலட்டை முந்தவேண்டும் அல்லவா? மேலட்டைதான் முந்தியிருந்தது. பிறகு, கையின் தள்ளுதலைக் காட்டும் முள் ஒன்றை அமைத்து, அதை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். மேஜை நகருவது நின்றுவிட்டது!

அங்கே பொய் சொன்னவர் ஒருவருமில்லை. தள்ளியவர்களுக்கே தாங்கள் தள்ளுவது தெரியவில்லை. எதிர்பார்ப்பு ஒன்றே, நாம் அறியாமல் நம் தசைகளை இயக்கக்கூடும் என்று முந்திய வருஷந்தான் வில்லியம் கார்ப்பென்டர் என்ற அறிஞர் கூறியிருந்தார். மனோதத்துவ சாஸ்திரத்துக்கு இது ஓர் அரிய பாடம்.

1882-ல் லண்டனில் இத்தகைய விஷயங்களை ஆராய்வதற்கென்றே ஒரு சங்கம் ஏற்பட்டது. 1934-ல் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரைன் என்பவர், ஐந்து வகைச் சின்னங்கள் கொண்ட 25 சீட்டுக்களை வைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். குருட்டாம்போக்கில் சொன்னால் சராசரி ஐந்து சரியாக வரும். தம்மிடம் அதற்கு மேல் வந்தது என்றார். சில சீட்டுக்களின் சின்னம் பின்புறத்திலிருந்தே தெரிகிறது என்று மற்றவர்கள் காட்டினார்கள். ஒவ்வோர் ஆட்சேபணையும் சோதனை முறையை இன்னும் கண்டிப்பாக்கியது.

2011-ல் விந்தை முற்றியது. டாரில் பெம் என்ற மனோதத்துவப் பேராசிரியர், வரப்போவதை மனம் முன்கூட்டி உணர்கிறது என்று ஒன்பது சோதனைகளைக் காட்டினார். திரும்பச் செய்து பார்த்த பலருக்கு அது கிட்டவில்லை. ஆனால் அவர் கையாண்ட கணக்கு முறை மனோதத்துவத்தில் எல்லோரும் கையாண்டதுதான்! அப்படியானால் மற்ற முடிவுகளின் கதி? 2015-ல், 100 ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்த முடிவு வெளியாயிற்று. சுமார் 36 சதவீதமே தேறின. செய்யப்போகும் சோதனையையும் கணக்கையும் முன்னதாகவே பதிவு செய்துவிடும் வழக்கம் அதன்பின் வலுத்தது.

ஆவி பேசியதற்கு இன்றுவரை அசைக்க முடியாத அத்தாட்சி கிடைக்கவில்லை. ஆனால், பாரடே வைத்த முள்ளின் அவசியம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு மட்டுமல்ல, அவர்களைச் சோதிக்க வந்த பேராசிரியர்களுக்கும் உண்டு என்பது தெளிவாகிவிட்டது. பிரிந்தவரை நினைத்து உருகுவதில் தவறே இல்லை. ஆனால் உருகும் மனம் எதையும் நம்பும். மேஜை நகரும்போது நம் கையை நாமே ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.