அன்றாடம் ஆண்டவரோடு – 9: உலைக்கு முன் ஒரு பிடி

சென்ற வாரம் இரவு நேரக் குடும்ப ஜெபத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அடுப்படிக்குப் போவோம். விசுவாசத்தைப் பற்றி நாம் கோயிலில் கேட்கிறோம். அது கைப்பழக்கமாவது வீட்டில்தான், அதிலும் பெரும்பாலும் அடுப்படியில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையின் கிறிஸ்தவக் கிராமங்களில் பிடி அரிசிக் காணிக்கை என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல். உலை வைக்கும் பெண் அன்றைக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுப்பாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பானையிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ போடுவாள். சிலர் அப்போது வாய்க்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்வார்கள். பலர் ஒன்றும் சொல்வதில்லை, கை தானாகப் போய்த் திரும்பும். பேத்தி மறந்துவிட்டால் திண்ணையிலிருந்து ஆச்சியின் குரல் வரும்: "ஏட்டி, பிடி அரிசி எடுத்தியா?" களைந்தாயிற்று என்று அவள் முனகினால், "அப்போ பானையில இருந்து வேற எடுத்துப் போடு. ஆண்டவர் பங்கை நாளைக்குன்னு தள்ளாத" என்று பதில் வரும். அந்த வீட்டில் அதற்கு மேல் பிரசங்கம் கிடையாது.

வாரக் கடைசியில் அந்த டின்கள் கோயிலுக்கு வரும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாராவது ஒருவர் பெரிய ஓலைப்பெட்டியோடு நிற்பார். ஒவ்வொருவராக வந்து அதில் கொட்டுவார்கள். அந்தப் பெட்டியைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். குருணையும் பழுப்பும் கலந்த ரேஷன் புழுங்கலரிசி, அதன்மேல் வெள்ளை வெளேரென்ற கடைப் பொன்னி, ஓர் ஓரத்தில் யார் வீட்டிலிருந்தோ வந்த பச்சரிசி. கையை விட்டு ஒரு துழாவு துழாவினால் போதும், எந்த மணி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாராலும் பிரிக்க முடியாது. அதைச் சோறாக்கினால் ஒன்று குழையும், ஒன்று வேகாமல் நிற்கும். ஆகவே இட்லிக்கும் தோசைக்கும் ஊறப்போட என்று வாங்கிப் போவார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் நடக்கும். முதல் ஈட்டுக் கோழி முட்டை, மரத்தின் முதல் முருங்கைக்காய், கருப்பட்டி ஆகியவற்றோடு இந்த அரிசியும் ஏலத்துக்கு வரும். கடை விலைக்கு மேலே கேட்டு எடுப்பதைத்தான் அங்கே மரியாதையாக நினைப்பார்கள். அந்தக் காசு மிஷனரிப் பணிக்கும் ஏழைகளின் உதவிக்கும் போகும்.

இந்தப் பழக்கத்தின் உயிர் அந்தப் பிடியை எப்போது எடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. சாப்பிட்டு மிஞ்சியதைக் கொடுக்க நல்ல மனசு போதும். உலைக்கு முன்னால் எடுத்து வைக்க நம்பிக்கை வேண்டும். அரிசி பானைக்குள் விழுவதற்கு முன் யாருக்கும் கணக்குத் தெரியாது. இன்றைக்கு விருந்தாள் வரலாம், பிள்ளை இரண்டாவது தரம் சோறு கேட்கலாம். நாளைக்குக் கூலி வேலை இல்லாமல் போகலாம். தேரி மண்ணில் பனையை நம்பிப் பிழைத்த குடும்பங்களுக்குப் பதநீர் இறங்காத மாதங்கள் கை வறண்ட மாதங்கள். அந்த மாதங்களிலும் அந்தப் பெண்கள் பிடியை நிறுத்தவில்லை. கை சிறுத்திருக்கும், அவ்வளவுதான். முதலில் நம்பிக்கை வரட்டும், அப்புறம் கொடுப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கொடுத்துக் கொடுத்தே நம்பக் கற்றுக்கொண்டார்கள்.

இந்தச் சபைகளின் மடியில் வளர்ந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ம் ஆண்டு வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் வீட்டில் பிறந்தார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவிலேயே மிஷனரிப் பணி நடத்துவதைக் கண்டார். நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினார். மறு வருடம், 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரிச் சங்கம் பிறந்தது. நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. மிஷன் என்றால் கப்பலில் வரும் பணம் என்று இருந்த காலம் அது. 1909-ல் அசரியா தாமே மிஷனரியாகத் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-ல் அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் தடவை.

தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த ஏழை விவசாயக் கூலிகள். இவர்களிடம் போய்க் காணிக்கை கேட்கலாமா என்று நமக்குத் தோன்றும். அசரியா அப்படி நினைக்கவில்லை. கொடுப்பதும் கிறிஸ்தவ வாழ்வின் ஒரு பகுதி என்று கற்பித்தார், கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார். தலைமுறை தலைமுறையாக வாங்கும் கையாகவே வைக்கப்பட்டவனைப் பார்த்து, உன் கையிலும் கொடுக்க ஒன்று இருக்கிறது, ஆண்டவர் அதற்காகக் காத்திருக்கிறார் என்று சொல்வதைவிடப் பெரிய மரியாதை வேறு இல்லை. ஏழைக்கு இரக்கம் காட்டுகிறோம் என்று அவனுடைய காணிக்கையைத் தடுப்பவர்கள், அவனுடைய மானத்தையும் சேர்த்தே தடுக்கிறார்கள்.

இந்தப் பிடி தென்பாண்டிச் சீமையோடு நின்றுவிடவில்லை. மிசோரம் மலைகளில் 1910 வாக்கில் தொடங்கி, இன்றுவரை கிறிஸ்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலின்போதும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வருகிறார்கள். அடுப்படியில் ஒதுக்கிய அந்தப் பிடி, இன்று வருடத்துக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகச் சேர்ந்து சபையின் ஊழியங்களைத் தாங்குகிறது. பெரும் பணக்காரர்கள் எழுதிய காசோலையால் இது நடக்கவில்லை. வேளை தவறாத கைகளால் நடந்தது.

இந்த இடத்தில் ஒரு பேச்சை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். கொடுத்தால் பெருகும், பத்துக் கொடுத்தால் நூறாகத் திரும்பும் என்ற பிரசங்கம் இப்போது மேடைக்கு மேடை கேட்கிறது. பிடி அரிசியை அந்தக் கணக்கில் சேர்ப்பது பாவம் என்றே நான் சொல்வேன். வட்டி எதிர்பார்த்துப் போடுவதற்குப் பெயர் காணிக்கை அல்ல.

வேதத்தில் சாறிபாத் ஊர் விதவையின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்ச காலம். அவளிடம் இருந்தது ஒரு பிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும். அதைச் சுட்டுத் தானும் மகனும் சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம், முதலில் எனக்கு ஒரு சின்ன அடை செய்து கொண்டுவா என்றார் எலியா தீர்க்கதரிசி. அவள் செய்தாள். பானையில் மாவு தீரவில்லை. கலசத்தில் எண்ணெய் குறையவில்லை. பிரசங்கிகள் பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதே அதிகாரத்தில் கதை தொடர்கிறது. மாவு தீராத அதே வீட்டில் அவள் மகன் நோயில் விழுந்து மூச்சு நின்றுபோனான். அவள் தீர்க்கதரிசியிடம் சண்டைக்கே போனாள். எலியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்வீட்டுக்குப் போய்க் கடவுளிடம் கதறினார், அதன் பிறகே உயிர் திரும்பியது.

கொடுத்த வீட்டிலும் துக்கம் வரும். அவளுக்குக் கிடைத்த பலன் துக்கமில்லாத வாழ்வு அல்ல. துக்கம் வந்தபோது யாரிடம் போய் அழுவது, யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாள்தோறும் அந்த மாவுப் பானையில் கைவிட்டு எடுத்த பழக்கம்தான் அதைக் கற்றுத் தந்தது. வனாந்தரத்தில் மன்னா பொழிந்தபோதும் ஒரு நாளுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னார் கடவுள். மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்துப்போனது. ஆண்டவராகிய இயேசு கற்றுத் தந்த ஜெபத்திலும் அன்றைக்கு வேண்டிய ஆகாரத்தையே கேட்கிறோம். ஒரே நாளில் ஒரு ஆயுளுக்கான நம்பிக்கையை அவர் யாரிடமும் கேட்பதில்லை. ஒரு நாளுக்கானதைக் கேட்கிறார், மறுநாளும் கேட்கிறார்.

பெரிய ஆபத்து வரும்போது என் விசுவாசம் தாங்குமா என்று பலர் கலங்குகிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போது புதிதாக விசுவாசத்தைத் தேடினால் கிடைப்பது கடினம். சமையல்கட்டில் ஆயிரம் தடவை போய்த் திரும்பிய கைக்கு, அந்த வராந்தாவில் கூப்பிய நிலையில் நிற்க வலு இருக்கும்.

இன்று பல வீடுகளில் ஒரு வேளைதான் சோறு. கணவனும் மனைவியும் வேலைக்கு ஓடுகிறார்கள். காணிக்கை கவரில் போகிறது, போனிலும் போகிறது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை அனுப்பும் தொகை, மாதத்துக்கு ஒரு தடவைதான் கடவுளை நினைக்க வைக்கும். பிடி அரிசி வேளைக்கு ஒரு தடவை நினைக்க வைத்தது. ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று இரவே அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின் வையுங்கள். அரிசி ஆனாலும், கோதுமை மாவு ஆனாலும், ஒரு காசு ஆனாலும் சமைக்கத் தொடங்குமுன் அதில் போடுங்கள். உங்கள் பிள்ளையின் கையால் போடச் சொல்லுங்கள். அது நிறைந்ததும், உங்களுக்குத் திருப்பித் தர முடியாத ஒருவரின் வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

(தொடரும்)