உடலுழைப்பும் நோயற்ற வாழ்வும்

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்னும் முதுமொழியை எமது தமிழ்ப் பாடசாலைச் சிறுவர்கள் அழகிய கையெழுத்தில் பலமுறை எழுதிப் பழகுகின்றனர். எழுதும்போது அவர்கள் கதிரையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை அழைத்துச் செல்ல வந்த பெற்றோர் வாகனத்தினுள் அமர்ந்திருக்கின்றனர். வீடு திரும்பியதும் இரு சாராரும் திரையின் முன் அமர்கின்றனர். நாம் எழுதும் முதுமொழிக்கும் நாம் வாழும் வாழ்வுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சற்று அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நலமும் நோயும்

நோய் இல்லாதிருத்தல் மட்டும் நலம் ஆகிவிடாது. உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் ஒருங்கே நன்னிலையில் இருப்பதே நலம் என 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்பு விதி வரையறுக்கின்றது.

நோய்களை இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். காசநோய், மலேரியா போன்றவை கிருமிகளால் வருவன, இவை தொற்றுநோய்கள். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தொற்றா நோய்கள். இவற்றுக்குத் தனியொரு கிருமியைக் குற்றவாளியாகக் காட்ட இயலாது. பல காரணிகள் ஒன்றுசேர்ந்து, பல ஆண்டுகள் ஓசையின்றி உடலை அரித்தபின்னரே இவை வெளிப்படுகின்றன. வயது, பால், பரம்பரை ஆகியன எம்மால் மாற்ற இயலாத காரணிகள். புகைத்தல், மது, உணவு, மன அழுத்தம், உடலுழைப்பின்மை ஆகியன மாற்றக்கூடியவை. எமது முயற்சிக்கு இடமிருப்பது இந்த இரண்டாம் வகையிலேயே.

உடலுழைப்பு, உடற்பயிற்சி என்னும் இரண்டும் ஒன்றல்ல. தசைகள் இயங்கிச் சக்தியைச் செலவிடும் எச்செயலும் உடலுழைப்பே. அதனைத் திட்டமிட்டு, ஒழுங்காக, உடல்வலிமை கருதிச் செய்யும்போது அது உடற்பயிற்சி எனப்படுகின்றது.

பேருந்து கற்பித்த பாடம்

உடலுழைப்புக்கும் இதயநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு முதன்முதலாகத் தெளிவுறக் காட்டியவர்களுள் முதன்மையானவர் ஜெரமி மொறிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர் ஆவார். இலண்டன் நகரின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளில் பணியாற்றிய ஏறத்தாழ 31,000 ஆண்களின் உடல்நிலையை அவரும் அவரது குழுவினரும் ஆராய்ந்தனர். சாரதியும் நடத்துநரும் ஒரே பேருந்தில், ஒரே புகையைச் சுவாசித்து, ஒரே நேரம் பணியாற்றுபவர்கள். ஆயினும் சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருக்கின்றார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 வரையான படிகளை ஏறி இறங்குகின்றார். 1953இல் வெளியான முடிவுகள், நடத்துநர்களுக்குச் சாரதிகளைவிட இதயநோய் குறைவாகவே ஏற்பட்டமையைக் காட்டின. நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் வழங்கிய தபாற்காரர்களுக்கும், அமர்ந்து பணியாற்றிய எழுதுவினைஞர்களுக்கும் இடையிலும் இதே வேறுபாடு காணப்பட்டது.

சாரதிகள் தொடக்கத்திலேயே பருமனானவர்களாக இருந்திருக்கலாம் அன்றோ என்ற ஐயமும் எழுந்தது. மொறிஸ் அவர்களே சீருடைகளின் இடுப்பளவுகளை ஆராய்ந்து, அந்த ஐயத்தில் ஓரளவு உண்மை உண்டெனக் கண்டார். எனினும் பின்னர் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் அவரது அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன. உடற்பயிற்சியைத் தாமும் கைவிடாத அப்பெரியார் 2009இல் தமது 99ஆவது வயதில் மறைந்தார்.

உடலினுள் நிகழ்வது யாது?

நாம் உண்ணும் சோறும் பாணும் இடியப்பமும் சமிபாடடைந்து குளுக்கோசாகக் குருதியிற் சேர்கின்றன. அந்தக் குளுக்கோசின் பெரும்பங்கை ஏற்றுச் சேமிக்கும் களஞ்சியம் எமது தசைகளே. இன்சுலின் என்னும் ஓமோன் அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கின்றது. உழைப்பில்லாத உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில் கொழுப்பு மிகும்போது, இன்சுலினுக்குக் கதவு எளிதில் திறப்பதில்லை. குளுக்கோசு குருதியிலேயே தேங்குகின்றது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கம்.

தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் துணை இன்றியே இன்னொரு வழியால் அக்கதவு திறக்கின்றது என்பது வியப்புக்குரிய உண்மை. உணவின் பின் பதினைந்து நிமிடம் நடப்பதும் குருதியிலுள்ள சர்க்கரையைக் குறைப்பதற்குக் காரணம் இதுவே. ஆயினும் உடற்பயிற்சியால் விளையும் இந்நன்மை ஓரிரு நாட்களே நீடிக்கும். ஆகையால் ஞாயிறன்று மட்டும் ஓடிவிட்டு ஏனைய ஆறு நாட்களும் அமர்ந்திருத்தல் போதாது.

இதயமும் ஒரு தசையே. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான குருதியை வெளியேற்றும். ஓய்வுநிலையில் அது நிமிடத்துக்குப் பத்துத் துடிப்புகள் குறைவாகத் துடிப்பின், ஒரு நாளில் 14,400 துடிப்புகள் அதற்கு மிச்சமாகின்றன.

எமக்கு ஏன் கூடுதல் கவனம்?

கனடாவின் ஹமில்ற்றன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில், 52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் மாரடைப்புப் பற்றிய ஆய்வொன்று நடைபெற்றது. 2004இல் வெளியான அதன் முடிவுகளின்படி, மாரடைப்பு அபாயத்தின் பெரும்பகுதிக்கு அளவிடக்கூடிய ஒன்பது காரணிகளே பொறுப்பாகும். உடலுழைப்பின்மை அவற்றுள் ஒன்று. இலங்கையரும் இந்தியரும் உள்ளிட்ட தென்னாசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு ஏறத்தாழ 53 வயதில் வருகின்றது என்பதும், ஏனைய மக்களுக்கு அது 59 வயதளவிலேயே வருகின்றது என்பதும் அந்த ஆய்வின் தரவுகளால் தெரியவந்தன.

அந்த ஆறு ஆண்டுகளைச் சிந்தித்துப் பாருங்கள். பிள்ளை பல்கலைக்கழகப் பட்டம் பெறும் காலமும் பெற்றோர் இளைப்பாற எண்ணும் காலமும் அவையே. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக இரண்டு வேலைகள் பார்த்து உழைத்தவர், அந்த எதிர்காலத்தைக் காணும் வேளையில் நோயாளியாக இருத்தல் தகுமா?

தோற்றத்தில் மெலிந்திருந்தாலும் எம்மவருக்கு வயிற்றினுள் கொழுப்புச் சேரும் இயல்பு மிகுதி. எனவே தென்னாசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் இடுப்பளவின் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. ஓர் அளவு நாடா இதற்குப் போதும்.

"அப்பாவுக்கும் நீரிழிவு, எனக்கும் வரத்தானே செய்யும்" என்று கூறுவோர் எம்மிடையே பலர். அவர்களுக்குச் சென்னையிலிருந்து ஒரு விடை உண்டு. டாக்டர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேர் பங்குபற்றினர். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களுள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, சீனியையும் மாப்பொருளையும் கொழுப்பையும் குறைத்துக் கொள்ளுமாறு வழிநடத்தப்பட்டவர்களுள் அது 39 ஆகக் குறைந்தது. பரம்பரை ஒரு காரணி மட்டுமே; அதுவே தீர்ப்பு அல்ல.

மொன்றியல் வாழ்வும் பனிக்காலமும்

ஊரிலே துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தோம். சைக்கிளில் சந்தைக்குச் சென்றோம். மாலையிற் கிளித்தட்டு விளையாடினோம். அங்கே உழைப்பு எம்மைத் தேடி வந்தது. இங்கே நாம் அதனைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது.

"உணவகத்தில் பத்து மணிநேரம் நிற்கின்றேனே, அது போதாதா?" என வினவுவோர் உண்டு. களைப்பு வேறு, பயிற்சி வேறு. ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதாற் கால்கள் களைக்கின்றன. இதயம் பயிற்சி பெறுவதில்லை. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் அளவுக்கு மூச்சு வாங்குமாறு நடப்பதே மிதமான பயிற்சி. பெரியவர்களுக்கு இது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் வேண்டும்.

எமது அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதி இதற்கு மிகவும் வாய்ப்பானது. குவான் வீதியை ஒட்டிப் பிரெய்ரி ஆறு ஓடுகின்றது. அதன் கரையில் ஈல் டு லா விசிற்றாசியோன் பூங்கா உண்டு. 1976 ஒலிம்பிக் போட்டிகளுக்கென அமைக்கப்பட்ட குளோட் ரொபியார் விளையாட்டு மையமும் எமது பகுதியிலேயே உள்ளது. இவை எவற்றுக்கும் நேரமில்லாதோர், ஆன்றி புராசா மெற்றோ நிலையத்தில் நகரும் படியைத் தவிர்த்து ஏனைய படிகளில் ஏறலாம். இலண்டன் நடத்துநர்கள் செய்ததும் அதுவே.

சனவரியில் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் பத்துப் பாகை அளவில் இருப்பதால், நவம்பர் முதல் ஏப்ரில் வரை வீட்டினுள் அடைந்திருத்தல் எம்மவர் வழக்கமாகி விட்டது. ஐந்து மாதம் அசையாதிருந்த உடலைக் கொண்டு திடீரெனப் பனியள்ளுவது ஆபத்தானது. 1981 முதல் 2014 வரையான கியூபெக் மாகாண மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, கடும் பனிப்பொழிவுக்கு அடுத்த நாளில் ஆண்களிடையே மாரடைப்பு அதிகரிப்பதைக் காட்டியது. பனி அள்ளுதலே இதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். ஆகவே பனிக்காலம் முழுவதும் உடலைப் பழக்கி வைத்திருத்தல் அவசியம். நெஞ்சுவலி உள்ளோரும், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும் புதிய பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் ஆலோசனை பெறுதல் வேண்டும்.

மாணவர்களுக்கு

அன்பான மாணவர்களே! கனடாவின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டல் உங்களுக்கு நாள்தோறும் 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கின்றது. பொழுதுபோக்குத் திரைநேரம் இரண்டு மணிநேரத்தைத் தாண்டலாகாது என்கின்றது. எலும்புகள் உறுதி பெறும் காலம் உங்கள் வளரும் பருவமே. இன்று மேடையில் நடனமாடும் நீங்கள் அனைவரும் சிறந்த உடற்பயிற்சி செய்பவர்களே. அரங்கேற்றத்தோடு அதனை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து அரை நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். இரண்டு நிமிடம் படி ஏறி இறங்கி மீண்டும் எண்ணுங்கள். துடிப்பு முன்னைய நிலைக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகின்றது எனக் குறித்து வையுங்கள். பின்பு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதனையே செய்து பாருங்கள். இரண்டு மாதம் குடும்பமாக நடந்தபின் மீண்டும் அளவிடுங்கள். அந்த நேரம் குறைந்திருப்பின், உங்கள் இதயங்கள் வலுப்பெற்றுள்ளன என்பது பொருள்.

பெற்றோரே! பிள்ளைகள் எமது சொல்லைக் காட்டிலும் செயலையே பின்பற்றுவர். இவ்விழா நிறைவுற்று வீடு திரும்புகையில், வாகனத்தைச் சற்றுத் தொலைவில் நிறுத்தி, பிள்ளைகளின் கைபற்றி, தமிழிற் பேசிக்கொண்டு நடந்து செல்லுங்கள். ஒரே நடையில் மொழியும் வளரும், உடலும் நலம்பெறும்.